யார் காடு? யார் திருடன்?

1819ஆம் ஆண்டு, கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலமலை ஏறினார். குளிரைக் கண்டார், வெள்ளையருக்கேற்ற கோடை வாசம் இதுவே என்று முடிவுகட்டினார். உதகை நகரம் பிறந்தது. இதைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பர். ஆனால், அவர் கால்வைத்த புல்வெளியில் எருமை மேய்த்து நின்றானே தோடன், அவனது மேய்ச்சல் நிலம் எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது? பாடநூல் வாய் திறப்பதில்லை.

நீலமலையில் நாணயம் புழங்குமுன்னரே பண்டமாற்று ஒழுங்காக நடந்தது. தோடர் பாலும் நெய்யும் தந்தனர். கோத்தர் இரும்புக் கருவியும் மட்பாண்டமும் செய்தனர்; சாவு வீட்டிலும் திருவிழாவிலும் இசை முழக்கினர். படகர் தானியம் அளந்தனர். குறும்பர் செங்குத்துப் பாறையில் கொடியேணி கட்டி இறங்கித் தேன் எடுத்து வந்தனர். ஒருவர் கை மற்றவர் வாய்க்கு உணவளித்தது. இதைப் பொற்காலமென்று நாம் புகழ்மாலை சூட்டத் தேவையில்லை, தோழர்களே! தோடரின் பால்கோயிலுக்குள் பெண் நுழையக் கூடாது. குறும்பரைச் சூனியக்காரரென அஞ்சி, அந்த அச்சத்தில் கொலை நடந்ததும் உண்டு. குறையுள்ள வாழ்வுதான், எனினும் அவர்கள் வாழ்வு, அவர்கள் நிலத்தில்.

அந்த நிலத்தைப் பிடுங்கியது துப்பாக்கியல்ல, காகிதம்! 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காட்டை வனத்துறையின் உடைமையாக்கிற்று. நேற்றுவரை பாட்டன் வழி நடந்த பாதையில் இன்று நடந்தால் அத்துமீறல். விறகு பொறுக்கினால் குற்றம். கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீயிட்டு இளந்தளிர் வரச்செய்யும் தோடரின் பழக்கமும் குற்றம். சரி, காட்டைக் காப்பாற்றவா இத்தனையும்? அந்தக் காவலர்களே புல்வெளியெங்கும் அந்நிய நாட்டுச் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டனர். விடுதலைக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயான் ஆலைக்குக் கட்டை வேண்டும். எருமைக்குப் புல் வேண்டுமே என்று எண்ணியவர் எத்தனை பேர்? இன்று அதே அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட, கருவூலம் செலவழிக்கிறது. நட்டவர் மீது வழக்கில்லை. விறகு பொறுக்கியவர் மீதுதான் வழக்கு!

காட்டில் பிறந்தவன் காட்டுத் திருடன் என்னும் இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வாச்சாத்தி காட்டிற்று. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து மலையாளிப் பழங்குடியினரின் ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தன. வீடுகள் நொறுக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தோராண்டுகள்! அந்தப் பெண்கள் சாட்சிக் கூண்டில் தளராது நின்றதால்தான் அத்தீர்ப்பு.

2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் இயற்றியபோது, பழங்குடியினருக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதென்று அரசே அச்சட்டத்தின் முகப்பில் ஒப்புக்கொண்டது. பயிரிடும் நிலத்திற்கு நான்கு எக்டேர் வரை உரிமை; மேய்ச்சலுக்கும் தேனுக்கும் உரிமை; ஊர் காத்துவந்த காட்டின்மீது ஊருக்கே உரிமை. தமிழகத்தில் என்ன நடந்தது? 2008இல் உயர்நீதிமன்ற இடைக்கால உத்தரவு பட்டா வழங்குவதைத் தடுத்தது. 2016இல் உச்சநீதிமன்றம்தான் அத்தடையை நீக்கியது. எட்டாண்டு வீண். தடை நீங்கிய பிறகேனும் வேகம் பிறந்ததா? இல்லை. தனியார் பெயரில் சில பட்டாக்கள் வந்தன. ஊர்ப் பொதுக்காட்டு உரிமையோ ஊர்ந்து ஊர்ந்து வருகிறது. 2023இல், முதுமலைக் காட்டுநாயக்கர் தம்பதி யானைக் குட்டி வளர்த்த கதை ஆஸ்கர் பரிசு பெற்றபோது நாடே கைதட்டிற்று. கைதட்டல் பட்டா ஆகாது.

நம்மவரிடமும் குற்றமுண்டு, மறைப்பானேன்? மாநாட்டு ஊர்வலத்திற்குத் தோடர் ஆடலும் கோத்தர் இசையும் வேண்டுமென்று சீட்டனுப்புகிறோம். வேட்டும் மேளமும் ஓய்ந்தபின் அவர்கள் மலையேறிவிடுகிறார்கள், நாமும் மறந்துவிடுகிறோம். மாநிலத்தில் பழங்குடியினர் 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி நூற்றுக்கு ஒருவர்தான். வாக்குப் பெட்டியை நிரப்பும் கூட்டமல்ல. அதனால்தானோ இந்த மறதி?

மலை மாவட்டத் தோழர்களே, செய்யவேண்டியது இது. உரிமைக் கோரிக்கைக்கு எழுத்து ஆவணம் மட்டுமே சான்றென்பதில்லை. முதியோர் வாக்குமூலமும், பழைய கோயிலும், இடுகாடும் சான்றே என்கின்றன விதிகள். தோடரின் பால்கோயிலைவிடப் பழைய ஆவணம் எந்தத் தாலுக்கா அலுவலகத்தில் இருக்கிறது? கூட்டத்தைப் பெரிய ஊராட்சியின் நடுவூரில் கூட்டி, மலைக்குடியைக் கடைசி வரிசையில் உட்காரவைக்க வேண்டியதில்லை. குடியிருப்பு மட்டத்திலேயே கிராமசபை கூட்ட 2012ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் இடம் தருகின்றன. உறுப்பினரில் பாதிப்பேர் வராவிட்டால் தீர்மானம் நிற்காது. ஆகவே தேன் எடுக்கும் பருவத்தில் நாள் குறிக்காதீர்கள். எல்லையைக் குறிக்க முதியோரோடு நடந்துசெல்லுங்கள். அவர்கள் சொல்லும் ஓடையின் பெயரை அவர்கள் சொல்லும்படியே எழுதுங்கள். மனு பெற்றதற்கு ஒப்புதல் சீட்டு கேட்டு வாங்குங்கள். அன்றைக்குக் கொடியை வீட்டில் வைத்துவிட்டு, படிவத்தையும் பேனாவையும் மட்டும் கொண்டுபோனாலும் பாதகமில்லை.