பலா பழம் மட்டுமல்ல

பலா நம் மாநிலப் பழம். 2018-இல் கேரளமும் அதையே தன் மாநிலப் பழமாக அறிவித்தது. இரண்டு அரசாணை இருந்து என்ன பயன்? அஸ்தம்பட்டியில் ஏற்காடு சாலையோரம் நாலு சுளை வாங்கித் தின்பதோடு நம் உறவு முடிந்துவிடுகிறது. சோறாக இருந்ததைத் தின்பண்டமாக்கிவிட்டோம் என்பதே என் வருத்தம்.

மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது பாரியின் மக்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்றார் கபிலர். உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்களைப் புறநானூற்றில் எண்ணிக் காட்டினார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகையைத் தாங்கும் உணவுகளில் ஒன்றாகப் பலாவைச் சொன்னார்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பலாவுக்கு இன்றுள்ள தாவரவியல் பெயரை 1789-இல் வைத்தவர் லாமார்க் என்ற பிரெஞ்சுக்காரர். அதில் 'ஆர்ட்டோகார்பஸ்' என்பது சீமைப்பலாவுக்கும் சேர்ந்த பேரினப் பெயர். கிரேக்க மொழியில் அதன் பொருள் 'ரொட்டிப் பழம்'. ரொட்டி என்றால் அவர்களுக்குச் சோறுதானே!

இலங்கையில் இதை மறக்கவில்லை. 1915 கலவரத்தின்போது சிறைப்பட்ட ஆர்தர் டயஸ், பின்னர் நாடெங்கும் பலாக் கன்றுகளை நடச் செய்தார். மக்கள் அவரைப் 'பலா மாமா' என்ற பொருளில் 'கொஸ் மாமா' என்று அழைத்தார்கள். அங்கே பலா மரத்தை வெட்ட அரசு அனுமதி பெற வேண்டும். இங்கே கார் நிறுத்த இடமில்லை என்றால் போதும், கோடரி வந்துவிடும்.

என் அம்மா பலா மூசைப் பொடியாக நறுக்கி வேகவைத்து, தேங்காய் போட்டுத் தாளிப்பார். கொட்டை சாம்பாருக்குப் போகும். மிஞ்சியதை அடுப்புத் தணலில் சுடுவோம். தழை ஆட்டுக்கு. வயதான மரம் தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகும். வீணாவது எதுவுமில்லை.

1997-க்கு முன் நம் சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலையில் இன்றும் பலா ஏராளம். ஆனால் பழம் எல்லாம் ஒரே பருவத்தில் குவிகிறது. பழுத்தால் சில நாள்தான் தாங்கும். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிவரும் சரக்கை வியாபாரி கேட்ட விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். நாம் பிஞ்சாகவும் காயாகவும் வாங்கினால், பழுக்கும் முன்பே விவசாயி கையில் கொஞ்சம் காசு சேரும். மரமும் பிழைக்கும்.

"பால் ஒட்டும், நறுக்க முடியாது" என்பார்கள். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது. உழவர் சந்தையில் வாழைப்பூவை ஆய்ந்து விற்கிறார்கள். கேட்க ஆள் இருந்தால் மூசையும் நறுக்கித் தருவார்கள்.

சர்க்கரைக்குப் பயந்து சுளையை எட்ட நின்று பார்க்கும் நம் வயதுக்காரர்களே, காய்க் கறியில் அந்தத் தித்திப்பு இல்லை. அளவோடு சாப்பிடலாம். அடுத்த முறை சந்தைக்குப் போனால், "மூசு இருக்கா?" என்று கேளுங்கள். இல்லையென்றாலும் மறுவாரமும் கேளுங்கள்.