உள்தணிக்கையைத் தணிக்கை செய்வது யார்?

புதுதில்லி: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் இருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருக்கு அருகில் உள்ளது திருவனந்தபுரம் விமான நிலையம். விமானிக்குப் போதிய ஓய்வு கிடைத்ததா, சோதனைகள் முறையாக நடந்தனவா என்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை. அதைக் கண்காணிக்கவே ஒவ்வொரு விமான நிறுவனமும் உள்தணிக்கை நடத்த வேண்டும் என்பது விதி.

அந்தத் தணிக்கையே கடமைக்கு நடந்தால்? 2023 ஜூலை 25, 26 தேதிகளில் ஏர் இந்தியாவில் ஆய்வு நடத்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், நடந்ததாகக் காட்டப்பட்ட உள்தணிக்கைகளில் சில ஒப்புக்குச் செய்யப்பட்டவை எனக் கண்டறிந்தது. விமானப் பாதுகாப்புத் தலைவருக்கான அங்கீகாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரே ஒரு மாதத்துக்கு!

2025 ஜூனில் அதே நிறுவனத்தில் விமானப் பணியாளர்களுக்குப் பணி ஒதுக்கும் பொறுப்பில் இருந்து மூன்று அதிகாரிகளை நீக்க இயக்குநரகம் உத்தரவிட்டது. ஓய்வு விதிகள் உள்ளிட்டவற்றில் நடந்த மீறல்களை நிறுவனமே தெரிவித்திருந்தது. உள்கண்காணிப்பு தோற்றுவிட்டது என்பதே அந்த உத்தரவின் சாரம்.

இயக்குநரகத்தின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையின்படி, அதன் 1,063 பணியிடங்களில் நிரப்பப்பட்டிருந்தவை 553 மட்டுமே. ஆள்சேர்ப்பை மத்தியப் பணியாளர் தேர்வாணையம் வழியாகவே நடத்த வேண்டியிருப்பதால் ஏற்படும் தாமதத்தையும் குழு சுட்டிக்காட்டியது.