குழந்தைகளின் இரத்தமும் கோலார் தங்கமும்

கோலார் தங்கவயலில் பதின்மூன்று சயனைடு மண்மேடுகள் நிற்கின்றன. நூற்றாண்டுக்கும் மேலாக நிலத்தின் அடியிலிருந்து தோண்டி, அரைத்து, தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட 3.3 கோடி டன் கழிவுமண் அது. அம்மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மண்ணில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்ற கணக்கு அரசின் கையில் தயாராக இருக்கிறது. அம்மேடுகளின் நிழலில், பழைய லைன் வீடுகளில் வளரும் குழந்தைகளின் இரத்தத்தில் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதை அறிய அந்த அவசரம் யாருக்கும் இல்லை.

நாட்டின் நிலைமை என்ன? ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான இந்தியக் குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. முந்தைய ஆய்வில் இது 58.6 விழுக்காடு. கர்நாடகத்தில் 60.9 விழுக்காட்டிலிருந்து 65.5 ஆகவும், தமிழ்நாட்டில் 50.7இலிருந்து 57.4 ஆகவும் உயர்ந்துள்ளது. இரத்தசோகை இல்லாத பாரதம் என்ற பெயரில் 2018இல் தொடங்கிய திட்டத்தின் காலத்தில் நேர்ந்த உயர்வு இது. மோடி அரசு இதற்குக் கண்ட மருந்து விந்தையானது. அடுத்த குடும்பநல ஆய்விலிருந்து இரத்தசோகைக் கணக்கையே நீக்கி, வேறோர் ஆய்வுக்கு மாற்றிவிட்டது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தத்தைவிட நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தமே துல்லியமானது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அதில் அறிவியல் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நரம்பு இரத்தத்தைக் கொண்டு 2016-18இல் நடத்தப்பட்ட தேசிய ஊட்டச்சத்து ஆய்விலும் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளில் 40.5 விழுக்காட்டினர் இரத்தசோகையோடு இருந்தனர். ஐந்தில் இருவர் என்பது ஆறுதல் தரும் கணக்கா?

இரத்தசோகையால் குழந்தை வெளுத்து, சோர்ந்து காணப்படுவதோடு நிற்பதில்லை. மூளை மிக வேகமாக வளரும் முதல் இரண்டு ஆண்டுகளில் இரும்புச்சத்து குறைந்தால் கவனமும் கற்கும் திறனும் பாதிக்கப்படுகின்றன. பின்னர் இரும்புச்சத்து கொடுத்தாலும் அந்த இழப்பு முழுவதும் ஈடாவதில்லை. பள்ளியில் மந்தமானவன் என்று பெயர் வாங்கும் சிறுவனின் கதை, அவன் பள்ளியில் சேரும் முன்பே தொடங்கியிருக்கக்கூடும்.

இதற்குத் தாயின் அறியாமைதான் காரணம் என்று அரசு விளம்பரங்கள் சொல்லாமல் சொல்கின்றன. தங்கவயலின் தாயை நாம் அறிவோம். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், சுரங்கத் தொழிலாளியின் மகனும் மகளும் மருமகளும் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்குச் சென்று கூலிக்கு உழைத்து, இருட்டியபின் திரும்புகின்றனர். கீரையும் பருப்பும் நல்லவை என்பது அவளுக்குத் தெரியும். அதை ஆக்கிப் பிசைந்து ஊட்ட நேரம் எங்கே? குழந்தை பாட்டியிடம் வளர்கிறது; தேநீரில் நனைத்த பிஸ்கட்டில் வயிறு நிறைகிறது. உணவோடு சேரும் தேநீர், உணவில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது.

உடல் எளிதில் ஏற்கும் இரும்பு இறைச்சியில் இருக்கிறது. தங்கவயலின் தலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் கிடைத்தது மாட்டிறைச்சி. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பாஜக அரசின் பசுவதைத் தடைச் சட்டம் அந்தத் தட்டின்மீதும் கை வைத்தது. 2023இல் வந்த காங்கிரஸ் அரசும் அச்சட்டத்தை நீக்கத் துணியவில்லை. பள்ளியில் முட்டை கொடுப்பதற்கே மடாதிபதிகளின் எதிர்ப்பைத் தாண்ட வேண்டியிருந்த மாநிலம் இது. இப்போது வாரம் ஆறு நாளும் முட்டை கிடைக்கிறது, வரவேற்கிறோம். ஆனால் 2024இல் அது விரிவானது ஒரு பெருமுதலாளியின் அறக்கட்டளை தரும் நிதியால். குழந்தையின் உரிமை கொடையாளியின் மனநிலையைச் சார்ந்து நிற்கலாகாது.

உண்பது போதாமை ஒரு பாதி. உண்டதை இழப்பது மறுபாதி. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி, இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு நாளொன்றுக்கு 0.2 மில்லி வரை குடிக்கும். நூறு புழுக்கள் இருந்தால் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம். இந்நோய்க்கும் சுரங்கத்துக்கும் பழைய உறவு உண்டு. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் கோத்தார்ட் ரயில் பாதை அமைத்த தொழிலாளர்கள் வெளுத்துச் செத்தபோது, 1880இல் பெரொன்சிட்டோ இப்புழுவைக் காரணமாகக் காட்டினார். 1902இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் டால்கோத் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதையே ஹால்டேன் கண்டறிந்தார். வெப்பநாட்டுச் சுரங்கங்களில் வேலை செய்து திரும்பியவர்களோடு அது வந்து சேர்ந்திருந்தது. தங்கவயலுக்கு மேஸ்திரிகளை அனுப்பியதும் அதே கார்ன்வால்தான். கழிப்பறையும் காலணியும் சுத்தமும் தந்தால் புழு ஒழியும் என்பது அன்றே தெரிந்த செய்தி. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி 10இலும் ஆகஸ்ட் 10இலும், பள்ளிகளில் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். நல்லதே. ஆனால் லைன்களின் பொதுக் கழிப்பறையும் சாக்கடையும் சீரில்லாத இடத்தில் பிப்ரவரியில் போன புழு ஆகஸ்டுக்கு முன்பே திரும்பிவிடும்.

இனி, நம் தோழர்கள் பலரும் கவனிக்கத் தவறும் செய்திக்கு வருவோம். வெளுத்த குழந்தைகள் அனைவருக்கும் இரும்புச்சத்துக் குறைவுதான் என்பதில்லை. தலசீமியா என்னும் பரம்பரை நோயிலும் சிவப்பணுக்கள் சிறுத்து, குழந்தை வெளுக்கும். நோய் கடுமையானால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றும் இரத்தத்தின் இரும்பே இதயத்திலும் கல்லீரலிலும் படிந்து கேடு செய்யும். அக்குழந்தைக்கு இரும்பு டானிக் மருந்தன்று. அரிவாள் செல் நோய் இருப்பதை 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் இந்தியாவில் முதலில் கண்டார்கள். அதற்கான தேசிய இயக்கம் தொடங்கியதோ 2023இல். வெளுப்போடு விடாத காய்ச்சல், எலும்பு வலி, தோலில் சிவப்புப் புள்ளிகள், காரணமில்லாத இரத்தக்கசிவு ஆகியவை சேர்ந்தால் இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகையில், வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். இங்கே மருந்துக்கடை டானிக்கில் இரண்டு மாதம் கழிகிறது; அதன்பின்தான் பெங்களூரின் கித்வாய் மருத்துவமனைக்கு வழி தேடுகிறார்கள். இந்நோய்களைப் பிரித்தறியும் முதல் படி ஒரு முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை. அது அரிய தொழில்நுட்பமும் இல்லை. ஆனால் தனியார் கூடத்தின் கட்டணமும் அன்று இழக்கும் கூலியும் சேர்ந்தால் ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு அது எட்டாத தொலைவு.

தங்கவயலில் ஒருகாலத்தில் பெரிய மருத்துவமனை இருந்தது. கம்பெனி அதைக் கருணையால் கட்டவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இறங்க உடல்கள் தேவைப்பட்டன. தோண்டுவது நின்றதும் உடல்களைப் பேணும் தேவையும் நின்றது, மருத்துவமனை பாழடைந்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தன்னார்வலர்கள் சில வாரங்களில் அதைத் துடைத்துச் சீராக்கிப் படுக்கைகள் போட்டார்கள். முடியாது என்ற வாதம் அன்றோடு பொய்த்தது. மண்மேட்டிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கப் போகிறவர்கள், அந்த வருவாயில் ஒரு பங்கை இவ்வூர்க் குழந்தைகளின் மருத்துவத்துக்கு ஒதுக்கியபின் வேலையைத் தொடங்கட்டும். மேடுகளைக் கிளறும்போது பறக்கும் தூசியைக் கட்டுப்படுத்துவதும், குழந்தைகளின் இரத்தத்தில் ஈயமும் ஆர்செனிக்கும் உள்ளனவா என்று முன்கூட்டியே சோதிப்பதும் ஒப்பந்த நிபந்தனைகளாக வேண்டும்.

கிளைகள் இப்போதே செய்யக்கூடியவை உள்ளன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து அங்கன்வாடி, ஆஷா ஊழியர் வழியாகக் கிடைக்க வேண்டும். கிடைக்கிறதா என்று தோழர்கள் வீடுவீடாகக் கேட்டுக் குறிக்கட்டும். ஊழியரைக் குறைசொல்லும் கணக்கெடுப்பாக அது மாறக்கூடாது. 2018இல் ஒன்றிய அரசு அங்கன்வாடி ஊழியருக்கு 4,500 ரூபாய் என்று நிர்ணயித்த மதிப்பூதியத்தில் அவர்கள் மீது ஏற்றப்படும் வேலை போதும் போதும் என்றிருக்கிறது; அவர்கள் நம்முடைய அணியினர். மருந்துப் பாட்டில் வந்து சேராத மாதங்களைக் குறித்து, அந்தக் கணக்கோடு வட்டச் சுகாதார அலுவலரைச் சந்திக்க வேண்டும்.

தங்கவயல் அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கு முழு இரத்தப் பரிசோதனை கட்டணமின்றிக் கிடைக்கவும், அதன் முடிவு அன்றே கைக்கு வரவும் கோரிக்கை வைப்போம். தேவைப்படும் குழந்தைகளின் இரத்தத்தைத் தலசீமியாச் சோதனைக்குக் கோலாருக்கு அனுப்பும் பொறுப்பு மருத்துவமனையுடையது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை பெற்றோருடையதாகக் கூடாது. இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் நடக்க வேண்டும். பெங்களூர் ரயிலேறாத ஒரே நாள் அதுதான்.