கப்பலுக்குக் குக்கர் தூக்கும் சங்கம்

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் கோவத்துல எழுதினது. சொந்தக்காரங்க யாராவது படிச்சுட்டு "என்னைத்தான் சொல்றியா?"ன்னு கேட்டா... ஆமாம், உங்களைத்தான்.

முன்னெல்லாம் அப்பாவுக்கு எழுபது நிறைஞ்சா திருக்கடையூர் போவோம். பீமரத சாந்தி பண்ணிட்டு, சாப்பிட்டு, போட்டோ எடுத்துட்டு ரயிலேறி மும்பை வந்துடுவோம். இப்ப அது பத்தலை. திருக்கடையூரும் போகணும், அதுக்கு மேல ஒரு கப்பல் பயணமும் வேணும். முலுண்டுலயும் செம்பூர்லயும் விசாரிச்சுப் பாருங்க, ரெண்டு வீட்டுக்கு ஒரு வீட்டுல கப்பல் மேல்தளத்துல தொப்பி போட்டு நிக்கற பெரியவங்க படம் இருக்கும். நான் அதைக் குறை சொல்லல. நானும் கூட்டிட்டுப் போனவன்தான். எனக்குக் கோவம், கிளம்பறதுக்கு முன்னாடி வர்ற 'டிப்ஸ்' மேல.

எங்க பூர்வீகம் நாகப்பட்டினம் பக்கம். தாத்தா அந்தக் காலத்துல நாகையில 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். டெக் டிக்கெட். டிரங்குப் பெட்டியைத் தலைக்கு வெச்சு, பாய் விரிச்சுப் படுத்துட்டுப் போனாராம். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த அப்பாவுக்கு வாழ்க்கையில ஒரு தடவை பினாங்குக்குக் கப்பல்ல போகணும்னு ஆசை. சரின்னு சிங்கப்பூர்ல ஏறி, பினாங்கு, புக்கெட் தொட்டுட்டுத் திரும்ப சிங்கப்பூர் வர்ற நாலு ராத்திரி பயணம் புக் பண்ணினேன். அப்பா, அம்மா, தங்கமணி, நான், பையன். அஞ்சு பேர்.

விஷயம் வெளியே தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப்புல ஆரம்பிச்சுது. "சின்ன ரைஸ் குக்கர் ஒண்ணு எடுத்துக்கோங்க, அங்க சோறு சரியா இருக்காது." "கப்பல் கிளம்பறப்ப ஏதோ டிரில்னு கூப்பிடுவான், போகாதீங்க. அப்பத்தான் பஃபேல கூட்டமே இருக்காது." "இன்சூரன்ஸ் எல்லாம் வேஸ்ட், கப்பல்லயே டாக்டர் இருக்கார்." "எல்லாத்தையும் பெரிய பெட்டியில போட்டுடுங்க, கையை வீசிட்டு ஏறலாம்." இதெல்லாம் போயிட்டு வந்தவங்க சொன்னது! அதனால நம்பினோம். குறிப்பா அந்தக் குக்கர். எங்க பெரியம்மா பையன் தன்னோட குக்கரையே கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனான். அம்மா அதைத் துண்டுல சுத்திப் பெரிய பெட்டியில அடியில வெச்சாங்க. அதே பெட்டியிலதான் அப்பாவோட இன்சுலின் பேனாவும் ஊசி டப்பாவும். கையை வீசிட்டு ஏறணுமில்ல.

கப்பல் எப்படின்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். விமானம் மாதிரி இல்ல. துறைமுகத்துல பெட்டியைக் கொடுத்துட்டா, அவங்க எக்ஸ்ரேயில பார்த்துட்டு, ஆயிரக்கணக்கான பெட்டிகளோட சேர்த்து சாயங்காலத்துக்குள்ள ஒவ்வொரு அறை வாசல்லயும் கொண்டுவந்து வெப்பாங்க. சூடாகற மின்சாதனம் ஏதாவது, அதாவது குக்கர், அயர்ன் பாக்ஸ், கெட்டில், தண்ணி சுட வெக்கற கம்பி, எக்ஸ்ரேயில தெரிஞ்சா அந்தப் பெட்டி அறைக்கு வராது. பாதுகாப்பு அறையில நிறுத்திடுவாங்க. நாமதான் போய்த் திறந்து காட்டி, சாமானைக் கொடுத்து, ரசீது வாங்கிட்டு வரணும்.

நாலு பெட்டி வந்துச்சு. அஞ்சாவது வரல. வரும் வரும்னு ஏழரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அப்பா ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போட்டுக்கறவர். மத்தியானமே பஃபேல குலாப் ஜாமூன் பார்த்ததும் மனுஷன் கட்டுப்பாட்டை விட்டுட்டார். கீழே வரவேற்பு மேசைக்குப் போனா வரிசை. அங்கேருந்து இன்னொரு தளம். அங்கேயும் வரிசை, முன்னாடி நிக்கற ஆளு கையில அயர்ன் பாக்ஸ். நம்ம ஊர் ஆளுதான். பெட்டி கைக்கு வர்றப்ப மணி ஒன்பதே முக்கால். அப்பாவுக்கு அதுக்குள்ள தலை சுத்தல், ஓயாத தாகம். கப்பல் மருத்துவமனையில குத்திப் பார்த்தா சர்க்கரை முந்நூத்தைத் தாண்டியிருந்துச்சு. டாக்டர் நல்ல மனுஷன், ராத்திரி ரெண்டு தடவை வரச் சொல்லிப் பார்த்தார். காலையில சரியாயிடுச்சு.

பில்லும் வந்துச்சு. "கப்பல்லயே டாக்டர் இருக்கார்"னு சொன்ன மாமாவுக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இன்னி வரைக்கும் பதில் இல்ல.

தப்பு கப்பல் கம்பெனி மேல இல்லீங்க. அவங்க டிக்கெட்டோட அனுப்பின தடைப் பட்டியல்ல ரைஸ் குக்கர்னு தெளிவா இருந்துச்சு. நான்தான் படிக்கல. சொந்தக்காரன் சொன்னதை நம்பினேன், அச்சடிச்சு வந்ததை நம்பல. நம்ம மக்கள்கிட்ட இருக்கற பெரிய வியாதி இதுதான். விதின்னு ஒண்ணு எழுதியிருந்தா அதுக்கு நிச்சயம் ஒரு சந்து இருக்கும், அதைக் கண்டுபிடிச்சவன்தான் புத்திசாலி! லோக்கல் டிரெயின்லயும் ரேஷன் கடையிலயும் பழகின புத்தி. கரையில அது பல நேரம் செல்லும். நடுக்கடல்ல செல்லாது.

ஏன் குக்கரைத் தடுக்கறான்? கப்பல்ல ரொம்பப் பயப்பட வேண்டியது தீ. ஹோட்டல்ல தீப்பிடிச்சா வாசலுக்கு ஓடலாம், தீயணைப்பு வண்டி வரும். கடல்ல வாசல் ஏது? அணைக்க வேண்டியது நமக்குப் பரிமாறின, படுக்கை விரிச்ச அதே ஊழியர்கள்தான். நமக்குத் தெரியாத கதையும் இல்ல இது. ரஜூலாவுக்கு அப்புறம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடின எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில கடல்ல தீப்பிடிச்சுப் பல பேர் இறந்தாங்க. அதோட அந்தக் கப்பல் சர்வீஸே முடிஞ்சுபோச்சு. அப்பா தலைமுறை ஆளுங்களுக்கு இது நல்லா ஞாபகம் இருக்கு. இருந்தும் அறைக்குள்ள கற்பூரம் ஏத்தலாமான்னு கேக்கறாங்க. கூடாதுங்க. ஊதுபத்தியும் கூடாது. சாமி படத்தை வெச்சுக் கும்பிடுங்க, போதும்.

அடுத்து அந்த டிரில். எனக்கு அதிகமா வயிறெரியற இடம் இது. 2012 ஜனவரி 13 ராத்திரி இத்தாலி கரையோரம் கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில மோதிச் சாய்ஞ்சது. 4,200-க்கும் மேல ஆளுங்க, 32 பேர் செத்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் ஏறின நூத்துக்கணக்கான பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சியே நடந்திருக்கல. அப்ப விதி, ஏறின 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும்னு இருந்துச்சு. கப்பல் அதுக்கு முன்னாடியே மோதிடுச்சு. அதுக்கப்புறம்தான் உலக அளவுல விதியை மாத்தி, கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின கையோடயோ நடத்தியாகணும்னு 2015-லேருந்து கொண்டுவந்தாங்க. அத்தனை பேர் செத்து வந்த விதி. நாம அந்த நேரத்துல பஃபே காலியா இருக்கும்னு போறோம்.

இப்ப நிறைய கப்பல்ல இதை சுலபமாக்கிட்டாங்க. டிவியிலயோ போன்லயோ படம் பார்த்துட்டு, நமக்குன்னு ஒதுக்கின கூடுமிடத்துக்கு நடந்து போய் அட்டையைக் காட்டிட்டு வரணும், அவ்வளவுதான். பக்கத்து அறைக்காரர் டிவி சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சுட்டுத் தூங்கிட்டார். பார்த்ததா கணக்காயிடுச்சாம், பெருமையாச் சொன்னார். நீங்க அப்படிப் பண்ணாதீங்க. முட்டிவலி அம்மாவையும் ஒரு தடவை அந்த இடத்துக்கு நடத்திக் கூட்டிட்டுப் போங்க, லிஃப்ட் இல்லாம படியில. ஆபத்து நேரத்துல லிஃப்ட் கிடையாது. ஏறவே முடியாதவங்கன்னா அதை அன்னிக்கே ஊழியர்கிட்ட சொல்லி வெக்கணும். ஏழு சின்ன ஒலி, ஒரு நீள ஒலி. இதுதான் அபாய அறிவிப்பு, வீட்டுல எல்லாருக்கும் தெரியணும். குழந்தைக்குச் சின்ன அளவு உயிர்காப்பு உடை அறையில இல்லேன்னா கேட்டு வாங்குங்க. பால்கனி அறைன்னா நாற்காலியைக் கம்பி ஓரம் போடாதீங்க. நம்ம பையன் வேடிக்கை பார்க்க நாற்காலி மேல ஏறினதை நான் பார்த்தேன், அந்த ஒரு நிமிஷம் இன்னும் வயித்துல இருக்கு.

ஏஜெண்டு பத்தியும் கொஞ்சம். "எல்லாம் அடக்கம் சார்"னார். விளம்பரத்துல போடற 'இவ்வளவு முதல்' விலை, ஜன்னல் இல்லாத அறையில ரெண்டு பேர் தங்கினா ஆளுக்கு எவ்வளவுங்கற கணக்கு. துறைமுகக் கட்டணம் தனி. ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவுன்னு கணக்குல ஏறிட்டே இருக்கும். பெரும்பாலும் குழந்தைக்கும் உண்டு. வைஃபை தனி. கணக்குக்கு டெபிட் கார்டு கொடுத்தா பணத்தை முடக்கி வெச்சு, விடுவிக்க நாளாகும்; கிரெடிட் கார்டு கொடுங்க. போனை ஏரோபிளேன் மோடுல போட மறந்தீங்கன்னா அது கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கும். நம்ம சாதாரண ரோமிங் பேக் அதுக்குச் செல்லாது, மும்பை திரும்பினதும் பில் வரும்.

இதெல்லாம் காசு. போனாப் போகுது. ஏஜெண்டு சொல்லாம விட்டதுல எனக்கு வலிச்சது வேற. பினாங்குல கப்பல் ஊருக்குள்ளயே, ஜார்ஜ்டவுன் துறைமுகத்துல வந்து நிக்கும். இறங்கி நடக்கலாம். அப்பா இறங்கி, கொஞ்ச நேரம் எதுவும் பேசாம நின்னார். தாத்தா இறங்கின ஊர். ஆனா புக்கெட்ல பெரிய கப்பல் கரைக்குப் போகாது. கடல்ல நங்கூரம் போட்டு, சின்னப் படகுல மாத்திக் கூட்டிட்டுப் போவாங்க. படகு ஆடும், தாண்டி ஏறணும். அம்மா பார்த்துட்டு "நான் வரலைப்பா"ன்னு அறைக்கே போயிட்டாங்க. நம்ம லட்சத்தீவு போற கப்பல்லயும் இதே கதைதான். பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா ஒவ்வொரு ஊர்லயும் கப்பல் துறையில நிக்குமா, படகு மாறணுமான்னு புக் பண்ணும்போதே கேளுங்க. ஏஜெண்டு மழுப்பினா அவர்கிட்ட புக் பண்ணாதீங்க.

அதே புக்கெட்ல இன்னொண்ணு. நம்ம போன் தானா தாய்லாந்து நேரத்துக்கு மாறிடும். அது சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னாடி. எங்க கப்பல் சிங்கப்பூர் நேரத்துலயே இருந்துச்சு. போனைப் பார்த்து மணி நாலுதானேன்னு பேரம் பேசிட்டிருந்த ஒரு குடும்பத்தை நாங்கதான் இழுத்துட்டு வந்தோம். கப்பல் நேரத்துக்குன்னு கையில ஒரு பழைய வாட்ச் கட்டிக்கோங்க. தனியாச் சுத்தப் போனவங்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

விசா விஷயமும் ஏமாத்தும். சிங்கப்பூர்ல ஏறி வெளியே போயிட்டுத் திரும்ப சிங்கப்பூர் வர்றது ரெண்டாவது நுழைவு. விசாத் தாள்ல ஒரு முறையா, பல முறையான்னு பார்த்துட்டுதான் டிக்கெட் எடுக்கணும்.

இன்சூரன்ஸ். நம்ம மெடிக்ளைம் பெரும்பாலும் வெளிநாட்டுல செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கறப்ப அப்பாவோட சர்க்கரை, பிரஷரை மறைக்காம எழுதுங்க. மறைச்சா பிரீமியம் கொஞ்சம் குறையும், க்ளைம் மொத்தமாப் போகும். கப்பல்ல இருந்து ஆளைக் கரைக்குக் கொண்டுபோற செலவு அதுல வருமான்னும் பாருங்க. மருந்து, கண்ணாடி, டாக்டர் சீட்டு, ஒரு மாத்து உடை, இவ்வளவும் கைப்பையில. பயணம் முழுக்கத் தேவையான மருந்தும் கைப்பையிலதான், பாதி பாதியாப் பிரிக்காதீங்க. கடைசி ராத்திரி பெட்டியை வெளியே வெக்கச் சொல்வாங்க, அப்பவும் இதே கதை. (தங்கமணி எல்லாத்தையும் மடிச்சு வெளியே வெச்சுட்டு, மறுநாள் காலையில நைட்டியோட நின்ன கதையை எழுதினா எனக்குச் சோறு கிடைக்காது.)

சோறுன்னதும் ஞாபகம் வருது. அந்தக் கப்பல்ல சோறு நல்லாவே இருந்துச்சு. சாதம், பருப்பு, தயிர், ஒரு நாள் சாம்பார் கூட. சைவம்னு புக் பண்ணும்போதே எழுதிக் கொடுத்தா போதும். பரிமாறின பையன் தூத்துக்குடிக்காரன். எட்டு மாச ஒப்பந்தம், ஆறாவது மாசம் ஓடுதுன்னான். நம்ம மேசைகள்ல தட்டுத் தட்டா மிச்சம் வெச்சதை அவன்தான் அள்ளினான். "அண்ணே, நம்ம ஆளுங்க குழுவா ஏறினாலே கிச்சன்ல சொல்லி வெச்சிடுவாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரல.

குக்கரை இறங்கறப்ப ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிட்டோம். பெரியம்மா பையன் இன்னும் வந்து எடுத்துக்கல. யாருக்காவது வேணும்னா முலுண்டு வந்து வாங்கிக்கலாம். கப்பலுக்குன்னு கேட்டா மட்டும் தரமாட்டேன்.