பாட்டுப் புத்தகத்தைப் பழைய தாளுக்குப் போடாதீர்!



சென்ற மாதம் ஈப்போ வட்டாரத்தில் உள்ள ஓர் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் பண்டக அறையைத் துப்புரவு செய்யும் பணியில் நானும் கலந்துகொண்டேன். அங்கே ஐந்து அட்டைப் பெட்டிகள் இருந்தன. அவற்றுள் பாமாலையும் கீர்த்தனையும் அடங்கிய பழைய பாட்டுப் புத்தகங்கள். மேலே "பழைய தாள்" என்று மலாய்மொழியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். காரணம் கேட்டேன். "இப்போது எல்லாம் திரையில் வருகிறதே, டீச்சர்! பிள்ளைகள் எளிதாகப் படிக்கட்டும் என்று ரோமன் எழுத்தில் போட்டுவிட்டோம்" என்றார் பொறுப்பாளர் ஒருவர்.

எளிதாக! அந்த ஒரு சொல்லைத்தான் இன்று கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன்.

என் பாட்டி சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் வேதாகமத்தைத் தடையின்றி வாசிப்பார். எப்படிக் கற்றார்? ஞாயிறுதோறும் உபதேசியார் பாடப்பாடப் பாட்டு முதலில் மனத்தில் பதிந்தது. பிறகு, பதிந்த பாட்டைப் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தார். வாய் சொல்லும் சொல்லைக் கண் தேடிற்று. சில ஆண்டுகளில் எழுத்து வசப்பட்டது. தெரிந்த பாடலைச் சொல் சொல்லாகச் சுட்டி வாசிக்கச் செய்யும் முறையை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்கும் கற்பித்தார்கள். அதை லயத்து வாசலில், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் பாட்டி எப்போதோ செய்து முடித்திருந்தார்!

அந்தத் தோட்டம் இன்று செம்பனைக்காடு. லயங்கள் இல்லை. சிற்றாலயமும் இல்லை. எஞ்சியிருப்பது பாட்டியின் புத்தகம் ஒன்றுதான்.

அந்தப் புத்தகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்ட பப்ரிசியுஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கித் தந்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இசையில் தோய்ந்த கீர்த்தனைகளை இயற்றினார். அவருடைய பாடல்கள் பலவற்றையும் சேர்த்து, எட்வர்ட் வெப் என்னும் அமெரிக்க மிஷனெரி 1853-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையின் ஆங்கிலிக்கன் திருச்சபையில் வாழ்ந்த பெரும்புலவர். இத்தனை பேரின் தமிழ், பள்ளி காணாத ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்தது. வேறு எந்த இலக்கிய நூல் அந்த லயத்துக்குள் அப்படி நுழைந்தது?

ஒவ்வொரு கீர்த்தனையின் தலையிலும் இராகமும் தாளமும் குறித்திருக்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பிரித்திருக்கும். பின்பக்கத்தில் முதற்குறிப்பு அகராதி. அகரவரிசை அறியாத பிள்ளை பாட்டைத் தேடி எடுக்க முடியாது. அகராதி பார்க்க நான் பழகியது வகுப்பறையில் அன்று, அந்தப் பின்பக்கத்தில்தான்.

இனி, எதிர்த்தரப்பு நண்பர்களின் வாதங்களுக்கு வருவோம்.

முதல் வாதம்: பழைய தமிழ் பிள்ளைகளுக்குப் புரியாது. நல்லது. ஆத்திசூடி புரிந்தா பாலர் வகுப்பில் ஒப்புவிக்கிறார்கள்? திருக்குறளும் கொன்றை வேந்தனும் உலகநீதியும் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் ஏன் இருக்கின்றன? முதலில் நாவில் ஏற்றுகிறோம், பிறகு பொருள் சொல்கிறோம், வளரவளர அது விளங்குகிறது. பள்ளியில் ஏற்கும் இந்த முறையை ஆலயத்தில் மட்டும் ஏன் மறுக்கிறோம்?

இரண்டாம் வாதம்: பழையது என்பதற்காகக் கட்டிப்பிடித்துக்கொள்ள முடியுமா? முடியாது. இதை நான் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். 1820-களில் புதிய மிஷனெரிகள் வேதாகமத் தமிழையும் பாடும் முறையையும் மாற்ற முனைந்தபோது சாஸ்திரியார் கொதித்தெழுந்தார். ஆனால் அதே மூச்சில், ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக அமர்ந்திருந்த வழக்கத்தை ஒழிப்பதையும் எதிர்த்தார். அதில் அவர் செய்தது பெரும் பிழை. பாட்டை வைத்துக்கொள்வோம், பாகுபாட்டை எறிவோம். எதைக் காப்பது, எதைக் களைவது என்று பகுத்தறியும் உரிமை நமக்கு உண்டு. புதிய பாடல்களையும் நான் வெறுக்கவில்லை. கிதாரும் கீபோர்டும் வரட்டும்!

இங்கிலாந்திலும் இந்தச் சச்சரவு உண்டு. 1861-இல் வெளிவந்த 'ஹிம்ஸ் ஏன்சியன்ட் அண்ட் மாடர்ன்' பலமுறை திருத்தப்பட்டது. 1904-ஆம் ஆண்டுப் பதிப்பு, பழகிய பாடல்களில் கைவைத்ததால் மக்களிடம் எடுபடவில்லை. சொல்லை மாற்றியதற்கே அவ்வளவு எதிர்ப்பு. நாமோ எழுத்தையே மாற்றிவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கிறோம்!

மூன்றாம் வாதம்தான் முதன்மையானது: தேசியப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அவர்களை வெளியே நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. ஆனால் ரோமன் எழுத்து அவர்களை எங்கே கொண்டு சேர்க்கிறது? திரையில் 'கரை'க்கும் 'கறை'க்கும் ஒரே எழுத்துக்கூட்டல். 'வலி'யும் 'வழி'யும் ஒன்றே. 'மனம்', 'மணம்' வேறுபாடு இல்லை. பாவத்தின் கறை நீங்குகிறதா, படகு கரை சேருகிறதா என்று பிள்ளை எப்படி அறியும்? நான் நடத்தும் ஓய்வுநாள் வகுப்பில், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு பயிலும் மாணவன் ஒருவன் 'இறைவன்' என்பதை 'இரைவன்' என்று எழுதினான். வாரந்தோறும் அந்தச் சொல்லை அவன் திரையில் பார்க்கிறான். 'இறை'யையும் 'இரை'யையும் ஒன்றாக்கிக் காட்டும் திரை அது. குற்றம் அவனுடையதா?

எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு எழுத்தைக் கற்றுக்கொடுப்பதே அன்பு. எழுத்தையே அப்புறப்படுத்துவது கைகழுவுதல். வயிறு சரியில்லாத பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கலாம். வாழ்நாள் முழுதும் கஞ்சியே போதும் என்று சோற்றுப்பானையைக் கவிழ்ப்பார் உண்டா?

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது ஆசிரியருக்கு அழகன்று. ஆகவே சில கோரிக்கைகள்:

1. திரை இருக்கட்டும். தமிழ் எழுத்து பெரிதாக மேலே, ரோமன் எழுத்து சிறிதாகக் கீழே வரட்டும். ஓராண்டில் கீழ்வரியை எடுத்துவிடலாம்.

2. மாதம் ஒரு பழைய பாட்டு. ஓய்வுநாள் வகுப்பில் புத்தகத்தைக் கையில் கொடுத்து, விரல் வைத்து வாசிக்கச் செய்வோம்.

3. பெற்றோர்களே, வீட்டு ஜெபத்தில் புத்தகத்தைத் திறங்கள். பாட்டி தாத்தா பாடட்டும், பேரப்பிள்ளை பக்கத்தைத் தேடி எடுக்கட்டும்.

இது கிறிஸ்தவர்களின் வீட்டுப் பிரச்சினை மட்டுமா? தேவாரத்தையும் திருப்புகழையும் ரோமன் எழுத்தில் அச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கும் இடங்களையும் நான் கண்டிருக்கிறேன். நோய் ஒன்றுதான்.

ஐந்து பெட்டிகளையும் இப்போதைக்கு என் வீட்டு முன்னறையில் அடுக்கி வைத்திருக்கிறேன். எடை போட்டால் சில ரிங்கிட் தேறும். என் பாட்டிக்குப் பள்ளிக்கூடமாக இருந்த புத்தகத்தை அந்த விலைக்கு விற்க எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு வருமா? சிந்திப்போம்.