கடல்நீர் நிறத்தில் ஒரு கல்



மோதிரத்திலோ தோட்டிலோ பதித்த இளநீலக் கல் ஒன்றைக் காட்டி, "இது என்ன கல்?" என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். கடைக்காரர் "அக்குவாமரீன்" என்று சொல்லியிருப்பார். இலத்தீன் மொழியில் இதற்குக் கடல்நீர் என்று பொருள். நீலமும் பச்சையும் கலந்த, அடி மணல் தெரிகிற கடலின் நிறம். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கரையோரம் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அக்குவாமரீன் 'பெரில்' என்னும் கனிமத்தைச் சேர்ந்தது. மரகதமும் அதே கனிமந்தான். குரோமியமோ வனேடியமோ சிறிதளவு கலந்தால் மரகதப் பச்சை வரும். இரும்பு கலந்தால் இந்த இளநீலம். மரகதத்தில் கீறலும் வெடிப்பும் சாதாரணம். அக்குவாமரீனோ பெரும்பாலும் தெளிந்த தண்ணீர் போல இருக்கும். ஆகவே உள்ளே கறை தெரிகிற கல்லுக்கு விலை இறங்கிவிடும். நிறம் ஆழமாக இருந்தால் விலை ஏறும். சிறிய, வெளிறிய கல்லுக்கு நீலக்கல்லின் விலையைக் கேட்டால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பிரேசில் நாடுதான் இதற்குப் பேர்போனது. அங்கே கிடைத்த ஒரு கல்லைப் பட்டை தீட்டி 'டொம் பெட்ரோ' என்று பெயரிட்டு, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அரும்பொருட்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் எடை 10,363 கரட், அதாவது இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். நமது நாட்டில் இரத்தினபுரிப் பகுதியிலும் அக்குவாமரீன் கிடைப்பதுண்டு, ஆனால் நீலக்கல்லைப் போலப் பெயர் எடுக்கவில்லை.

தமிழருக்கு இந்தக் கல் புதிதல்ல. தமிழ்நாட்டில் காங்கேயத்துக்கு அருகேயுள்ள படியூரில் பழங்காலத்திலேயே இதைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பெரில் கற்களை மணியாகச் செய்த தடயங்கள் கிடைத்தன. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியின் பிளினி, பெரில் கற்கள் இந்தியாவிலிருந்தே வருகின்றன, வேறெங்கும் அரிது என்று எழுதிவைத்தார். 'பெரில்' என்ற சொல்லே 'வைடூரியம்' என்ற சொல்லோடு தொடர்புடையது என்பது அறிஞர்கள் கருத்து. இன்று நாம் வைடூரியம் என்று சொல்வதோ பூனைக்கண் கல்லை. பெயர் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குப் போய்விட்டது!

ஐரோப்பிய மாலுமிகள் கடல் ஆபத்து வராமல் காக்கும் என்று இதை அணிந்தார்கள். மேல்நாட்டில் இது மார்ச் மாதம் பிறந்தோருக்குரிய கல். நமது நவரத்தினங்களில் இதற்கு இடமில்லை. ஆனாலும் நீலத்துக்கு மாற்று, மரகதத்துக்கு மாற்று என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. காணாமற்போனவர் திரும்பி வருவார், தோஷம் நீங்கும் என்று யாரும் இந்தக் கல்லோடு வீட்டு வாசலுக்கு வந்தால், அவர் விற்பது கல்லையல்ல, உங்கள் கவலையை. அதற்காகக் கடன்படாதீர்கள். நிறம் பிடித்து, கையில் காசும் இருந்து வாங்கினால் அது வேறு கதை.

வாங்குவதென்றால் கவனிக்க வேண்டியது ஒன்று. சந்தையில் இதற்குப் பதிலாக அதிகம் விற்கப்படுவது நீல டோபாஸ். நிறமற்ற டோபாஸ் கல்லைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, பிறகு சூடாக்கி நீலமாக்குகிறார்கள். அது மலிவான கல். அதுவும் மண்ணிலிருந்து எடுத்ததே என்பதால், பற்றுச்சீட்டில் "இயற்கைக் கல்" என்று மட்டும் எழுதித் தந்தால் போதாது. கல்லின் பெயர், எத்தனை கரட், சூடாக்கியதா என்பதையும் எழுதிக் கேளுங்கள். நீலக் கண்ணாடியும், தொழிற்சாலையில் செய்த ஸ்பினல் கல்லும்கூட இதே பெயரில் விற்கப்படுகின்றன. கண்ணாடியென்றால் பூதக்கண்ணாடியில் சிறு காற்றுக் குமிழிகள் தெரியக்கூடும். டோபாஸ் கனமானது: ஒரே அளவான இரு கற்களில் அக்குவாமரீன் 10 கரட் என்றால் டோபாஸ் ஏறக்குறைய 13 கரட் நிற்கும். நகையில் பதித்த பிறகு இப்படி நிறுத்துப் பார்க்க முடியாது. விலை கூடிய கல்லென்றால் கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம்.

சூடாக்குவது ஏமாற்று அல்ல. பச்சை கலந்த கல்லை ஏறக்குறைய 400 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் பச்சை மங்கி நீலம் நிற்கும். அந்த நிறம் பிறகு போகாது. அப்படிச் செய்ததை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சுயதொழிலாக மணிமாலை கோக்கும் சகோதரிகளும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மணியென்றால் கண்ணாடி மணி என்றே எழுதி விற்கலாம். அழகாகக் கோத்திருந்தால் அதற்கும் ஆள் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995இலும் 2009இலும் இடம்பெயர்ந்தபோது காப்பையும் தோட்டையும் விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்தவர்கள் நம்மில் அநேகர். அப்போது கல் வைத்த நகைக்கு என்ன விலை போட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அடகு பிடிப்பவர்கள் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுந்தான் காசு கணக்கிடுவார்கள். கல்லுக்கு நீங்கள் கொடுத்த பணம் அங்கே திரும்பி வராது. ஆபத்துக்கு உதவுமென்று சேமிப்பதானால் கல் இல்லாத நகையே நல்லது. கல் நகை ஆசைக்கு.

ஏற்கெனவே கல் நகை வைத்திருப்பவர்கள் இளஞ்சூடான சவர்க்கார நீரில் மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். மற்றக் கற்களோடு உரசாமல் தனித் துணியில் சுற்றி வையுங்கள். மோதிரம் உடைந்து பத்தரிடம் கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிவிட்டுப் பொடி வைத்து ஊதும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெருப்புப் பட்டால் கல் வெடித்துவிடும்.