நிலத்தை வாங்கிய பிறகு

2025 ஜூன் மாதம் அமெரிக்க செனட்டில் ஒரு சிறு கலவரம் நடந்தது. யூட்டா மாநில செனட்டர் மைக் லீ, அப்போது விவாதத்தில் இருந்த மாபெரும் வரவு செலவு மசோதாவில் ஒரு பிரிவைச் சேர்த்தார். மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் கையில் இருக்கும் நிலத்தில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் விற்கலாம், அங்கே வீடு கட்டலாம் என்பது அதன் சாராம்சம். எதிர்ப்பு வந்த திசைதான் சுவாரசியமானது. சுற்றுச்சூழல்காரர்கள் கத்துவது எதிர்பார்த்ததே. ஆனால் மான் வேட்டைக்காரர்களும், ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களும் அதே அளவு கோபத்தோடு எழுந்தார்கள். இவர்களில் பலர் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். மொன்டானா, ஐடஹோ மாநிலங்களின் குடியரசுக் கட்சி செனட்டர்களே ஒத்துக்கொள்ளவில்லை. மாதம் முடிவதற்குள் லீ அந்தப் பிரிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வெற்றிக் கொண்டாட்டங்களைப் படித்தபோது ஒரு சந்தேகம் எழுந்தது. பொது நிலத்தை விற்கிறேன் என்று யாராவது உரக்கச் சொன்னால் எல்லோரும் சண்டைக்கு வருகிறோம். பொது நிலத்தை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, திறக்கவும் பராமரிக்கவும் பணமில்லை என்றால் யாரும் வருவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற உதாரணம் ஒன்று நான் வசிக்கும் ஊரிலேயே இருக்கிறது.

சான் ஹோசேயிலிருந்து தெற்கே பார்த்தால் சாண்டா குரூஸ் மலைத்தொடரின் முகட்டில் சதுரமாக ஒரு கான்கிரீட் பெட்டி தெரியும். மலையின் பெயர் உமுன்ஹும், உயரம் 3,486 அடி. இப்பகுதியின் பூர்வகுடியான ஓலோனி மக்களின் மொழியில், ரீங்காரச் சிட்டு இளைப்பாறும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். சோவியத் விமானங்கள் வருகின்றனவா என்று பார்க்க 1950களின் இறுதியில் அமெரிக்க விமானப்படை அங்கே ஒரு ராடார் நிலையம் அமைத்தது. அந்தப் பெட்டி ராடாரைத் தாங்கிய ஐந்து மாடிக் கோபுரம். 1980-ல் நிலையம் மூடப்பட்டது. 1986-ல் மிட்பெனின்சுலா திறந்தவெளி மாவட்டம் என்ற உள்ளூர் அமைப்பு அந்த முகட்டை வாங்கியது. பொதுமக்கள் உச்சிக்குப் போக முடிந்தது 2017 செப்டம்பரில். இடையில் 31 வருடங்கள்!

ஏன் இவ்வளவு காலம்? சோம்பேறித்தனம் என்று சொல்வது எளிது. விமானப்படை போகும்போது வீடுகள், அலுவலகங்கள், கிடங்குகள் என்று கட்டிடங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனது. அவற்றில் ஆஸ்பெஸ்டாஸும் ஈயம் கலந்த பெயின்ட்டும் இருந்தன. அசுத்தம் செய்தது மத்திய அரசு. சுத்தம் செய்யும் பொறுப்போ, மலையைக் காப்பாற்ற நினைத்து வாங்கிய உள்ளூர் அமைப்பின் தலையில். வாங்கி இருபது வருடங்களுக்குப் பிறகுதான் வாஷிங்டனிலிருந்து 32 லட்சம் டாலர் வந்து, இடிக்கும் வேலை ஆரம்பித்தது. அடுத்தது சாலை. உச்சிக்குப் போகும் சாலையின் சில பகுதிகள் தனியார் நிலத்தின் வழியே போகின்றன. உரிமையாளர்களோடு பேரம், பிறகு வழக்கு. அதன் பிறகு கோபுரம். இடித்துத் தள்ளி மலையை மலையாக விடுங்கள் என்று ஒரு கட்சி. பனிப்போரின் நினைவுச்சின்னம், தொடக்கூடாது என்று அங்கே பணிபுரிந்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் இன்னொரு கட்சி. இரண்டாம் கட்சி வென்றது. எனக்கு முதல் கட்சியின் மீதுதான் அனுதாபம், ஆனால் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் மலையை அடையாளம் காட்ட எனக்கே கஷ்டமாக இருக்கும் என்பதும் உண்மை.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அமா முட்சன் பழங்குடியினர் பற்றியது. ஸ்பானிய மிஷன்களில் அடைக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். மத்திய அரசு இவர்களை ஒரு பழங்குடியாக இன்னும் அங்கீகரிக்கவில்லை. அவர்களது படைப்புக் கதையில் உமுன்ஹும் மலைக்கு முக்கிய இடமுண்டு. உச்சியில் அவர்களுக்கென்று வட்டமாக ஒரு சடங்கு மேடை இருக்கிறது. சட்டப்படி எழுதிக்கொடுத்த அனுபோக உரிமையும் உண்டு. மலையேறி வருகிறவர்கள் பலர் அங்கே சாண்ட்விச்சைப் பிரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

நிற்க. இந்த மாவட்டம் என்பது என்ன? 1972 தேர்தலில் சாண்டா கிளாரா கவுண்டியின் வடமேற்குப் பகுதி மக்கள் ஓட்டுப் போட்டு உருவாக்கிய அமைப்பு. பழத்தோட்டங்கள் எல்லாம் சிப் கம்பெனிகளாக மாறிக்கொண்டிருந்த காலம். மலையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தவர்களின் வேலை. சொத்துவரியில் ஒரு சிறு பங்கு இதற்குப் போகிறது. வட்டத்துக்கு ஒருவராக ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதுவரை 65 ஆயிரம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். 2014-ல் 30 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு அனுமதி கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்கள் சம்மதித்தார்கள். வரி என்றாலே முகம் சுளிக்கும் நாட்டில் இது சாதாரண விஷயமல்ல.

ஆனால் சிக்கல் அந்தக் கடன்பத்திரத்திலேயே இருக்கிறது. கலிபோர்னியா சட்டப்படி இப்படித் திரட்டிய பணத்தில் நிலம் வாங்கலாம், பாதை வெட்டலாம், வண்டி நிறுத்துமிடம் கட்டலாம். ரேஞ்சருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. மழையில் சரிந்த பாதையை ஆண்டுதோறும் சீர்செய்யும் ஆளுக்கும் முடியாது. அதாவது ஒவ்வொரு ஏக்கர் வாங்கும்போதும் நிரந்தரச் செலவு ஒன்று பிறக்கிறது, அதற்கான பணம் வேறு பையிலிருந்து வரவேண்டும். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. புதிய ப்ராஜெக்ட்டுக்கு பட்ஜெட் உடனே கிடைக்கும். மெயின்டெனன்ஸ் என்று வாயைத் திறந்தால் மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

நாட்டளவிலும் இதே நிலைமைதான். நிலம், நீர் பாதுகாப்பு நிதி என்று 1964-ல் ஒரு சட்டம் வந்தது. கடலடி எண்ணெய்க் கிணறுகளின் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துப் பூங்காவுக்கும் பொழுதுபோக்குக்கும் நிலம் வாங்குவது திட்டம். ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரை என்று சொல்லிவிட்டு, பெரும்பாலான ஆண்டுகளில் காங்கிரஸ் அதில் கணிசமான பகுதியை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டது. 2020-ல் வந்த சட்டம்தான் 90 கோடியை நிரந்தரமாக்கியது. அதே சட்டம் பராமரிப்புக்கும் ஆண்டுக்கு 190 கோடி வரை ஒதுக்கியது, ஆனால் ஐந்து வருடங்களுக்கு மட்டும். 2025 நிதியாண்டோடு அது முடிந்தது. தேசியப் பூங்காக்களில் மட்டும் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலைகளின் மதிப்பு 2 ஆயிரம் கோடி டாலருக்கு மேல்.

அந்த 1964 சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த நிதி ஒரு டாலர் பட்ட உள்ளூர்ப் பூங்காவாக இருந்தாலும் அது என்றென்றும் பொதுப் பொழுதுபோக்குக்கே. வேறு உபயோகத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். குறையாத சந்தை மதிப்பும் ஒத்த பயனும் உள்ள வேறு நிலத்தை ஈடாகக் கொடுக்க வேண்டும். புறம்போக்கு என்ற நல்ல வருவாய்த்துறைச் சொல்லையே வசையாக்கிவிட்ட ஊரிலிருந்து வந்தவனுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இந்தப் பிரிவு விற்பனையைத் தடுக்கிறதே தவிர, புதர் மண்டுவதைத் தடுக்க அதனால் ஆகாது.

புதர் என்று சும்மா சொல்லவில்லை. 2020 ஆகஸ்ட்டில் மழையின்றி விழுந்த மின்னல்களால் சாண்டா குரூஸ், சான் மட்டேயோ கவுண்டிகளில் 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. காட்டைத் தொடாமல் விட்டால் அது காப்பாற்றப்பட்டுவிடும் என்ற பழைய நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. கீழ்ச்செடிகளை வெட்ட வேண்டும். புல்வெளிகளில் மாடுகளை மேயவிட வேண்டும். கடற்கரைப் பக்கத்துப் புல்வெளிகளில் மிட்பெனின்சுலாவே பண்ணையாளர்களுக்கு மேய்ச்சல் உரிமை கொடுக்கிறது. சில நடைப்பயணிகளுக்கு மாட்டுச் சாணியைப் பார்த்தாலே ஆகாது. நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை!

சமூகத்தின் பொழுதுபோக்குக்கு என்கிறார்களே, யாருடைய பொழுதுபோக்கு என்பது அடுத்த கேள்வி. நடப்பவர், சைக்கிள்காரர், குதிரைக்காரர், நாய் வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் சங்கம் உண்டு. ஒவ்வொரு சங்கமும் கூட்டத்துக்கு வரும். மண்பாதைகளில் மின்சைக்கிள் கூடாது என்று 2022-ல் வாரியம் முடிவெடுத்தபோது இரு தரப்பும் வரிந்து கட்டிக்கொண்டு நின்றன. நம்மவர்களின் பொழுதுபோக்கு வேறு மாதிரி. நான்கு குடும்பங்கள், ஒரு பெரிய டப்பாவில் புளியோதரை, ஓடியாட ஐந்தாறு குழந்தைகள், மலைக்கு வர முடிந்த அளவு தாத்தா பாட்டி. இதற்குத் தேவை நிழல், மேசை, கழிப்பறை. திறந்தவெளிக் காப்பிடம் என்ற கொள்கையில் இவை அநேகமாகக் கிடையாது. கவுண்டி பூங்காவுக்குப் போ என்பார்கள். இயற்கைக்கு இடையூறில்லாத வகையில் மக்கள் அனுபவிக்கட்டும் என்பது அமைப்பின் குறிக்கோள். அதில் தவறில்லை. ஆனால் பத்து மைல் வியர்க்க நடப்பது இடையூறில்லாதது, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவது இடையூறு என்ற கணக்கு எனக்குப் புரியவில்லை. எல்லா முகட்டிலும் மேசை போடச் சொல்லவில்லை. அடிவாரத்தில் நாலு போடலாம்.

இதைச் சொன்னால் நண்பர்கள், நமக்குத்தான் ஓட்டே இல்லையே என்கிறார்கள். விசாவிலும் பச்சை அட்டையிலும் இருந்துகொண்டு, வீடு வாங்கி சொத்துவரி கட்டுகிறவர்கள் இப்பகுதியில் ஏராளம். கடன்பத்திரத்தைத் திருப்பிக் கட்டும் பணத்தில் அவர்களுடையதும் இருக்கிறது. வாரியத் தேர்தலில் அவர்களால் ஓட்டுப் போட முடியாது என்பது சரி. ஆனால் வாரியக் கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை, இணையத்திலும் பார்க்கலாம். பேச விரும்புகிறவரிடம் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை, பெயரைச் சொல்வதுகூடக் கட்டாயமில்லை. பேச வழக்கமாகக் கிடைப்பது மூன்று நிமிடம்.